பிரித்த தையல்

பழைய ராணுவப் பாராசூட் துணி ஒன்று கைக்கு வந்தால், சேகரிப்பவர் முதலில் தேடுவது முத்திரையை. கிரீடமும் அதன் கீழே 'ஏ.எம்.' என்ற எழுத்துகளும் இருந்தால் அது பிரிட்டிஷ் விமான அமைச்சின் பொருள். அகன்ற அம்புக்குறி இருந்தால் பிரிட்டிஷ் அரசின் சொத்து. முத்திரை இல்லையென்றால் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்க்கலாம். பட்டு, முடி கருகுவதுபோல நாறும். நைலான் உருகிச் சின்ன மணியாக இறுகும். பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாகும். ஆள் குதிக்கும் பாராசூட்டுக்குப் பட்டு; போரில் ஜப்பான் பட்டு வராமல் போனபிறகு நைலான். சாமான் இறக்குவதற்கு மலிவான பருத்தியே போதும்.

இதெல்லாம் எனக்கு அத்துப்படி. அந்தத் தைரியத்தில்தான் தப்பு செய்தேன்.

மூன்று வருடத்துக்கு முன்பு பகாவ் பக்கம் ஒரு தோட்டத்தில், எண்பதைத் தாண்டிய பாட்டி ஒருவர் தன் தகரப்பெட்டியிலிருந்து ஒரு துணியை எடுத்துக் காட்டினார். பழுப்பேறிய நீள முக்கோணம். இரண்டு ஓரமும் மடித்து, கறுப்பு நூலால் நெருக்கமாகக் கையால் தைத்திருந்தது. "ஜப்பான்காரன் போற நேரத்துல எங்கம்மா எங்கிருந்தோ கொண்டு வந்தாங்களாம். எனக்கு அதுலதான் தூளி கட்டுனாங்க. எனக்கப்பறம் பொறந்ததுங்களுக்கும் அதுதான்." நூறு வெள்ளி கொடுத்தேன். பழந்துணிக்கு இவ்வளவா என்று தயங்கித்தான் வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, பிளேடால் அந்தத் தையலைப் பிரித்தேன். மடிப்புக்குள் முத்திரை இருக்கலாம் என்று ஒரு நப்பாசை. சேகரிப்பவர்கள் மொழியில் அந்தத் தையல் 'பிற்காலச் சேதம்'. அதை நீக்கினால் பொருள் தன் மூலநிலைக்கு ஓரளவு திரும்பும். உள்ளே பாதி வெட்டுப்பட்ட ஓர் எண் மட்டும் கிடைத்தது. எரித்துப் பார்த்த நூல் பருத்தி. அவ்வளவுதான். 1945இல் விழுந்ததா, 1948க்குப் பிறகு அவசரகாலத்தில் காட்டுக்குள் இருந்த ராணுவத்துக்கு உணவு போட்டபோது விழுந்ததா என்பதைக்கூட அதை வைத்துச் சொல்ல முடியவில்லை.

அடுத்த முறை போனபோது கைப்பேசியில் படத்தைக் காட்டினேன். பாட்டி கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, "எங்கம்மா தச்சதக் காணோமே?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. ஒரு பொருளின் உண்மை எது? அது தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த நாளின் நிலையா, அதற்குப் பிறகு மனிதர்கள் அதற்குச் செய்ததா?

அடையாளம் காணும் வேலையையே குறை சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அது நேர்மையாகாது. 1945 ஆகஸ்ட் 23 அன்று, ஜப்பான் சரணடைவதாக அறிவித்து எட்டு நாள் கழித்து, பிரிட்டிஷ் விமானப்படையின் 356ஆவது படைப்பிரிவைச் சேர்ந்த கே.எல்.654 என்ற லிபரேட்டர் விமானம் கோகோஸ் தீவிலிருந்து புறப்பட்டது. இங்கே காட்டுக்குள் இருந்த ஃபோர்ஸ் 136 ஆட்களுக்குச் சாமான் போட வந்த அந்த விமானம் நெகிரி செம்பிலான் காட்டில் விழுந்தது. எட்டுப் பேர் இறந்தார்கள். அவர்களுடைய எச்சங்கள் 2012 அக்டோபர் 18 அன்றுதான் கோலாலம்பூர் செராஸ் சாலைக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டன. அறுபத்தேழு வருடம்! உடைந்த உலோகத்தைப் பார்த்து 'இது இந்த விமானம், இதில் இன்னின்னார் இருந்தார்கள்' என்று யாரோ பொறுமையாகச் சொல்லாமல் அந்த அடக்கம் நடந்திருக்காது. சிதைந்த விமானத்திலிருந்து ஒரு தகட்டை ஞாபகார்த்தமாகத் தூக்கிக்கொண்டு போகிறவன், அந்தப் பெயர்களில் ஒன்றையும் சேர்த்துத் தூக்கிப் போகிறான் என்றே நினைக்கிறேன்.

ஆக, அடையாளம் காண்பது செத்தவர்களுக்குச் செய்கிற மரியாதையாக இருக்க முடியும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அந்த எட்டுப் பேருக்கும் பதிவேடு இருந்தது, விமானத்துக்கு எண் இருந்தது. அதே வருடங்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதைக்குப் போய்ச் செத்த பல்லாயிரம் தமிழர்களில் பெரும்பாலானோருக்குக் கல்லறையும் இல்லை, பெயர்ப் பலகையும் இல்லை. நம் ஆட்கள் மேல் யாரும் முத்திரை குத்தி வைக்கவில்லை. முத்திரையை மட்டுமே சாட்சியாக எடுத்துக்கொள்கிற முறைக்கு அவர்கள் கண்ணில் படவே மாட்டார்கள்.

ஜப்பானியர் காலத்தில் துணிக்குப் பஞ்சம். தோட்டங்களில் சாக்கைக் கிழித்துக் கட்டிக்கொண்டார்கள் என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் எல்லாரும் சொல்லும் கதை. அதே போரில் பர்மா முனையில் பாராசூட் போதாமல், ஜெனரல் ஸ்லிம் கல்கத்தா சணலில் பாராசூட் செய்யச் சொன்னார். வழக்கமான பாராசூட்டுக்கு ஏறக்குறைய 20 பவுண்டு ஆனபோது சணல் பாராசூட்டுக்கு ஒரு பவுண்டு சொச்சம்தான். மனிதர் உடம்புக்குச் சாக்கு, சாமானுக்கும் சாக்கு. அப்படிப்பட்ட காலத்தில் ஒரு பெண் கையில் நல்ல பருத்தித் துணி கிடைத்திருக்கிறது. அவள் அதை ராணுவச் சொத்தாகப் பார்க்கவில்லை. ஓரம் பிரிந்து பிள்ளை விழுந்துவிடக் கூடாது என்று நெருக்கமாகத் தைத்தாள். அவள் எழுதி வைத்தது என்று எதுவும் இல்லை. எனக்குத் தெரிந்து அவள் விட்டுப்போன ஒரே கையெழுத்து அந்தத் தையல். பாதி எண்ணுக்காக நான் அதை அழித்தேன்.

பாட்டி சொன்ன வருடம் தப்பாக இருக்கலாம். அதைச் சோதிக்காமல் நம்பவும் எனக்கு மனம் ஒப்பாது. பொறியியல் படித்த புத்தி விடாது. ஆனால் அவர் சொன்னதில் ஒரு பகுதி சோதனைக்கு அவசியமே இல்லாமல் என் கண்முன் இருந்தது. அந்தத் துணியை ஒரு தாய் தைத்திருந்தாள். அதைத்தான் நான் சேதம் என்று வகைப்படுத்தினேன்.

துணியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "குடுத்தது குடுத்ததுதான். நீங்களே வெச்சிருங்க தம்பி" என்றார். பிரித்த கறுப்பு நூலை எறியாமல் ஓர் உறையில் போட்டு வைத்திருந்தேன். அதை மட்டும் வாங்கிக்கொண்டார். என் பதிவேட்டில் அந்தத் துணிக்கு எதிரே 'பருத்தி, சாமான் பாராசூட், காலம் உறுதியில்லை' என்று இருந்தது. அதன்கீழ் இப்போது இன்னொரு வரி சேர்த்திருக்கிறேன்: 'தூளியாக இருந்தது. தையலைப் பிரித்தது நான்.'