தாகமும் பகையும்

பகை தீர்ந்த பின்னரே கூட்டு முயற்சி தொடங்க வேண்டுமா? அன்றி, கூட்டு முயற்சியைத் தொடங்கிவிட்டுப் பகை தீரக் காத்திருக்கலாமா? பழமையான இவ்வினாவை ஓமான் நாட்டின் தலைநகரான மஸ்கட்டில் உள்ள ஓர் ஆய்வு மையம் நம் காலத்தில் மீண்டும் எழுப்புகின்றது. 1991 அக்டோபரில் மாட்ரிட் நகரில் தொடங்கிய சமாதானப் பேச்சின் ஒரு கிளையாக, நீர்வளம் பற்றி ஆராயப் பன்னாட்டுக் குழு ஒன்று அமைந்தது. அதன் பயனாக 1996 டிசம்பரில் பிறந்ததே மத்திய கிழக்கு உப்புநீக்க ஆய்வு மையம். இஸ்ரயேலும் ஜோர்டானும் பாலஸ்தீனமும் ஒருங்கே அதில் உறுப்பினராயின.

கடல்நீரைக் குடிநீராக்குவது எளிய செயலன்று. சவ்வின் வழியே நன்னீரைப் பிரிக்க, வளிமண்டல அழுத்தத்தைப் போல் 55 முதல் 70 மடங்கு அழுத்தம் தேவைப்படுகின்றது. ஒரு கன மீட்டர் நீருக்கு மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் செலவாகின்றது. எஞ்சும் செறிந்த உப்புநீரோ மீண்டும் கடலையே சேர்கின்றது. கடலுக்கு வேலி இல்லையாதலால், அண்டை நாட்டார் தனித்தனியே இருந்து இச்சிக்கலைத் தீர்க்க இயலாது. இன்று உலகெங்கும் பயன்படும் சவ்வின் முன்னோடியும் கூட்டுழைப்பின் கனியே. 1960ஆம் ஆண்டையொட்டி, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் சிட்னி லோப் என்பாரும், இந்தியாவில் பிறந்த சௌரிராஜன் என்பாரும் இணைந்து அதனை ஆக்கினர். (பின்னர் முன்னவர் இஸ்ரயேலுக்கும் பின்னவர் கனடாவுக்கும் சென்றனர், அறிவு எவரது நாட்டு உடைமை என்று சொல்வது!) ஜோர்டானில் ஆளுக்கு ஆண்டொன்றுக்குக் கிடைக்கும் இயற்கை நீர் 100 கன மீட்டருக்கும் குறைவு. கடுந்தட்டுப்பாட்டின் எல்லையாக வல்லுநர் வகுத்திருப்பது 500 கன மீட்டர். அத்தகைய நாட்டினர், அண்டை வீட்டார் நல்லவராகும்வரை தாகத்தோடு இருப்போம் என்று கூற முடியுமா?

எனினும் மறுப்போரின் வாதத்தை எளிதில் தள்ளிவிடுதல் நேர்மையாகாது. தெற்குக் காசாவில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு யுனிசெஃப் அமைத்த கடல்நீர் நிலையம் 2017இல் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 6,000 கன மீட்டர் நீர் தருவதற்கென அமைந்தது அது. 2025 மார்ச்சில் அந்நிலையத்துக்கான மின்சாரத்தை இஸ்ரயேல் துண்டித்தது. ஒரு கையால் ஆய்வேட்டைப் பகிர்ந்து, மறு கையால் மின்கம்பியை அறுப்பவரோடு எவ்வாறு ஒரே மேசையில் அமர்வது? அமர்ந்தால் அவருக்கு நற்சான்று வழங்கியதாகாதா?

இங்கே புனித அல்போன்ஸ் லிகோரியார் தெளிவாக்கிய வேறுபாடு நமக்குத் துணை செய்கின்றது. தீயவனின் நோக்கத்தையே தன் நோக்கமாக ஏற்று உதவுதல் வேறு; அந்நோக்கத்தை ஏலாது, வேறொரு நன்மைக்காகச் செய்யும் செயல் அவனுக்கும் எவ்வகையிலோ பயன்படுதல் வேறு. முன்னது எந்நாளும் குற்றமே. பின்னதை நன்மையின் அளவு, தீமையின் நெருக்கம், இடறலாகும் வாய்ப்பு ஆகியவற்றைக் கொண்டு எடைபோட வேண்டும். ஆய்வில் சேரும் ஜோர்டானியரோ பாலஸ்தீனரோ நீரை ஆயுதமாக்குவோரின் நோக்கத்தை ஏற்பதில்லை. மேலும், கொடுத்த மின்சாரத்தைத் துண்டிக்கலாம். ஓர் இளைஞன் கற்ற கல்வியைத் துண்டிக்க இயலாது. ஆகையால் சேர்வதே சரி என்பது நம் துணிபு. ஆனால் வாய்மூடி இருப்பதே சேர்வதற்கு விலையென்றால் தராசு மறுபக்கம் சாய்ந்துவிடும். நடந்த அநீதியைக் குறித்து வாய் திறக்கலாகாது எனும் மேசை, ஆய்வு மேசையாயினும், இடறலின் மேசையே.

தொடக்க நூலில் ஈசாக்கு கிணறுகள் தோண்டியது இதே நிலப்பகுதியில்தான். கெரார் காசாவுக்கு அணித்தே இருந்தது. முதல் இரு கிணறுகளுக்கு அவர் இட்ட பெயர்களின் பொருளே சச்சரவும் பகையும். பின்னர் அபிமெலக்கு உடன்படிக்கை நாடி வந்தபோது, தம்மை வெறுத்துத் துரத்தியவர் இப்போது வருவதேன் என்று அவர் முகத்துக்கு நேரே கேட்டார் ஈசாக்கு. கேட்ட பின்னரே விருந்தளித்தார். ஓமான் நாடும் ஏறக்குறைய இவ்வாறே நடந்துகொண்டது எனலாம். பாலஸ்தீனத்தில் வன்முறை வெடித்த 2000 அக்டோபரில், மஸ்கட்டில் இருந்த இஸ்ரயேலின் வணிக அலுவலகத்தை அது மூடிற்று. உப்புநீக்க ஆய்வு மையத்தை மூடவில்லை. அதில் இஸ்ரயேலின் உறுப்புரிமையும் தொடர்ந்தது.