அழுகிற தாயிடம் சாட்சி கேட்கலாமா?



குழந்தைப் பிரதிஷ்டை அன்றைக்கு நம்ம சபைகளில் ஒரு வழக்கம் உண்டு. போதகர் ஐயா பிள்ளையைக் கையில் ஏந்தி ஜெபித்து முடித்ததும், மைக்கைத் தாயிடம் கொடுப்பார்கள். "ரெண்டு வார்த்தை சாட்சி சொல்லும்மா." சுகப்பிரசவம் தந்த கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்பாள். சபையார் அல்லேலூயா என்பார்கள்.

பல வருஷம் பிரசவ வார்டில் நர்சாக இருந்தவள் நான். அதனால் என் கண் மைக்கைப் பிடித்திருக்கிற கைக்குத்தான் போகும். சில கைகள் நடுங்கும். சிலருடைய பார்வை பிள்ளை பக்கமே திரும்பாது. வீட்டில் ராப்பகலாய் அழுகிறவள் இங்கே சிரித்துக்கொண்டு ஸ்தோத்திரம் சொல்லுகிறாள். அது சாட்சியா, பொய்ச்சாட்சியா? பொய் என்றால் அந்தப் பாவம் யார் மேல் விழும்? சொன்னவள் மேலா, சொல்லவைத்தவர்கள் மேலா? சொல்லவைத்தவர்கள் மேல்தான் என்று நினைக்கிறேன்.

"ஏன் சிஸ்டர், பிள்ளை ஈவு அல்லவா? நன்றி செலுத்துவது கடமை அல்லவா?" என்று கேட்பீர்கள். கடமைதான். ஆனால் நன்றி செலுத்துவது வேறு, சந்தோஷமாய் உணருவது வேறு. மூன்று மணிக்கு எழுந்து, கண் எரிய, மனம் மரத்துப்போய் பால் கொடுக்கிறாளே, அவள் செலுத்துகிற நன்றி அதுதான். சந்தோஷத்தையும் கொண்டுவா என்று யார் கட்டளையிட முடியும்? காய்ச்சல்காரியைப் பார்த்து உடம்பைக் குளிரவை என்று அதட்டுவோமா?

இது உடம்பையும் சேர்ந்த காரியம். பிரசவமான ஓரிரு நாளில், கர்ப்பகாலத்தில் ஏறியிருந்த ஹார்மோன்கள் மடமடவென்று இறங்கிவிடுகின்றன. அதோடு தூக்கமில்லை, இரத்தசோகை, தையல் வலி. மூன்றாம் நாள், நாலாம் நாள் காரணமில்லாமல் அழுகை வருவது மிகச் சாதாரணம். இரண்டு வாரத்துக்குள் தானாகவே போய்விடும். போகாமல் நின்றாலும், பிறகு புதிதாகத் தொடங்கினாலும், அது வியாதி. பிள்ளை தூங்கினாலும் தாய்க்குத் தூக்கம் வராது. சாப்பாடு இறங்காது. "நான் நல்ல அம்மா இல்லை, நான் இல்லாமப் போனாத்தான் பிள்ளைக்கு நல்லது" என்ற எண்ணம் வரும். 1987-இல் எடின்பரோவில் பத்தே கேள்விகள் கொண்ட ஒரு தாளை இதற்கென்று தயாரித்தார்கள். தமிழிலும் அது உண்டு. கடந்த ஏழு நாட்களில் மனது எப்படி இருந்தது என்றுதான் அது கேட்கிறது.

இது சீமைக்காரர் வியாதி என்பவர்களுக்கு ஒன்று சொல்லுகிறேன். வேலூர் பக்கத்துக் கிராமங்களில் செய்து 2002-இல் வெளிவந்த ஆய்வில், பிள்ளை பெற்றவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கு இந்த மனச்சோர்வு புதிதாய் வந்திருந்தது. யாருக்கு அதிகம்? வறுமையில் இருப்பவளுக்கு, ஆண்பிள்ளையை எதிர்பார்த்திருக்கப் பெண் பிறந்தவளுக்கு, மாமியாரோடு மனஸ்தாபம் உள்ளவளுக்கு, கூடமாட உதவ ஆளில்லாதவளுக்கு. இதில் எது அந்தப் பெண்ணின் அவிசுவாசம்? "பொம்பளப் பிள்ளையா" என்று தொட்டில் பக்கத்தில் நின்று பெருமூச்சு விடுகிறவர்கள்தான் இதற்குப் பதில் சொல்லவேண்டும்.

எலியாவைப் பாருங்கள். எவ்வளவு பெரிய தீர்க்கதரிசி! சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு சாவைக் கேட்டார். வந்த தூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடியும் தூங்கவிட்டான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். பிரசங்கம் எதுவும் பண்ணவில்லை.

இன்னொன்றையும் கண்டிப்பாய்ச் சொல்லவேண்டும். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், புத்தியே தடுமாறிப்போகும். காதில் குரல் கேட்கும், தூக்கமே இருக்காது, பிள்ளையைப்பற்றி விபரீதமாய்ப் பேசுவாள். உடனே "பிசாசு" என்று சொல்லி விடுதலை ஜெபத்துக்கு உட்காரவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். உபவாசம் வேறு போடச் சொல்லுவார்கள், பால் கொடுக்கிறவளை! இதில் தாமதித்தால் தாயும் பிள்ளையும் போய்விடக்கூடும். அவளையும் பிள்ளையையும் தனியே விடாமல், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். ஜெபத்தை ஆட்டோவில் போகும்போது பண்ணலாம். மனநல டாக்டரிடம் போவது விசுவாசக் குறைவு என்கிறவர் தன் சுகர் மாத்திரையை நிறுத்திவிட்டு வந்து சொல்லட்டும். பால் கொடுக்கும் தாய்மாருக்கு ஏற்ற மாத்திரைகளும் உண்டு. டாக்டர் பார்த்துக் கொடுப்பார். ராத்திரி யாரிடம் பேசுவது என்று தெரியாவிட்டால், அரசாங்கத்தின் டெலி மானஸ் 14416 இருக்கிறது. காசு கிடையாது, தமிழிலும் பேசலாம்.

மாமியார்மாரே, "நாங்க நாலு பெறலையா?" என்று கேட்காதீர்கள். ரூத் பெற்ற பிள்ளையை மடியில் வாங்கி வளர்த்தது யார்? நகோமி, அவளுடைய மாமியார்.

இந்த வாரம் பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் சோப்பு, பவுடர் டப்பா இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு தூக்கில் ரசஞ்சாதம் கொண்டுபோங்கள். பிள்ளையை வாங்கிக்கொண்டு, "நீ போய் ரெண்டு மணி நேரம் படும்மா, நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லுங்கள். அவள் எழுந்து வந்தபிறகு, மற்றவர்கள் பக்கத்தில் இல்லாதபோது கேளுங்கள்: "பிள்ளை இருக்கட்டும். நீ எப்படி இருக்கே?"