கள்ளக் காசு யார் கையில் நிற்பது?

ஒருவன் அறியாமல் ஒரு கள்ளக் காசைப் பெற்றுக்கொள்கிறான். பெற்ற பின்னரே அதன் பொய்மை அவனுக்குத் தெரியவருகிறது. அதனை நல்ல காசென்று சொல்லி இன்னொருவனிடம் அவன் செலுத்தலாமா?

இது மிகப் பழைய கேள்வி. கி.மு. 44-ல் ரோமாபுரி அறிஞராகிய சிசரோ, தம் மகனுக்கென எழுதிய ‘கடமைகள்’ என்னும் நூலில் இதனை எடுத்துப் பேசுகிறார். ஸ்டோயிக்கு மதத்து ஆசிரியர் இருவருள் டியோஜெனீஸ் என்பார், கடன்பட்டவன் அக்காசைக் கொடுத்துக் கடன் தீர்க்கலாம் என்றார். ஆண்டிபாட்டர் என்பார் கூடாது என்றார். சிசரோ பின்னவர் பக்கமே நின்றார். ஆங்கிலப் பள்ளியில் படித்த காலத்தில் இதை வாசித்தபோது, ‘இதற்கு இரு பெரியோர் வாதாட வேண்டுமா? விடை சிறு பிள்ளைக்கும் தெரியுமே!’ என்று நகைத்தேன். அந்நகைப்புக்கு உரிய தண்டனை பல ஆண்டு கழித்து என்னைத் தேடி வந்தது.

நான் உலு திராமில் ஒரு தோட்டத்துக் கிராணி. பகலில் ஆள் எண்ணிக் குலை எண்ணிக் கணக்கெழுதுவது என் தொழில்; இரவில் பழைய வெள்ளிக் காசுகளைத் துடைத்து அடுக்குவது என் பொழுதுபோக்கு. காந்தியடிகள் பிறந்த நூற்றாண்டின் நினைவாக 1969-ல் இந்திய அரசாங்கம் வெளியிட்ட 10 ரூபாய் நாணயம் ஒன்றை என் தந்தையார் எனக்குக் கொடுத்தார். அதன் எடை 15 கிராம். நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி. அந்த ஒரு காசிலிருந்து வளர்ந்தது இந்தப் பைத்தியம்.

மலேயாவில் காசு சேர்ப்போர் எவரும் விரும்புவது வர்த்தக டாலர். 1895 முதல் 1935 வரை, இடையிடையே சில ஆண்டுகள் விட்டு, பெரும்பாலும் பம்பாயிலும் சிறிது கல்கத்தாவிலும் அச்சடிக்கப்பட்டது. ஒரு புறம் சூலமும் கேடயமும் தாங்கி நிற்கும் பிரிட்டானியா மாது. மறு புறம் சீன எழுத்தும் ஜாவி எழுத்தும். நூற்றுக்கு 90 பங்கு வெள்ளி. இத்தகைய வெள்ளிக் காசுகள் வழங்கிய நாட்களின் நினைவாகவே, இன்றும் காகித நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நாம் ‘பத்து வெள்ளி’ என்கிறோம். மலாய்க்காரர் வழங்கும் ‘ரிங்கிட்’ என்னும் சொல்லுக்கோ பல் பல்லான விளிம்புடையது என்பது பொருள். பழைய ஸ்பானிய வெள்ளியின் விளிம்பைக் கண்டு வைத்த பெயர் அது. காசின் ஓரத்தைச் சுரண்டித் திருடுவோரைக் காட்டிக்கொடுப்பதற்கென்று உண்டானதே விளிம்பு வேலை. ஆகவே, திருட்டுக்கு அஞ்சிச் செய்த காவலே இந்நாட்டுப் பணத்துக்குப் பெயராயிற்று!

இவ்வர்த்தக டாலருக்குப் போலிகள் மலிந்து கிடக்கின்றன. அவற்றைக் காணும் வழி கடினமன்று. முதலாவது, எடை. நல்ல காசு 26.95 கிராம் இருக்கும். தேய்ந்ததாயின் சிறிது குறையலாம். செம்பும் நிக்கலும் கலந்து அதே அளவில் செய்தால் ஏறக்குறைய 23 கிராமே நிற்கும். எடையைச் சரிக்கட்ட முயன்றால் காசு தடித்துப்போகும். இரண்டாவது, நீர்ப் பரிசோதனை. தராசின்மேல் நீர்க் கிண்ணத்தை வைத்து, நூலில் கட்டிய காசை அடியில் படாமல் மூழ்க விட்டால், நல்ல காசுக்குத் தராசு 2.6 கிராம் கூடக் காட்டும். மூன்றாவது, ஓசை. சுண்டினால் வெள்ளி கணீரென்று நெடிது ஒலிக்கும். ஈயக் கலப்பு மொத்தென்று அடங்கும். நான்காவது, விளிம்பு. வார்த்துச் செய்த போலியில் இரு பாதியும் சேர்ந்த கோடு ஓரத்தில் தெரியும். ஐந்தாவது, ஆண்டு. 1914 முதல் 1920 வரை இக்காசு அச்சிடப்படவேயில்லை. அந்த ஆண்டுகளைத் தாங்கிய வர்த்தக டாலர் தன் வாயாலேயே தன் பொய்யைச் சொல்லிவிடுகிறது. காந்தத்தை மட்டும் நம்பலாகாது. வெள்ளி காந்தத்தில் ஒட்டாது என்பது மெய்யே. செம்பும் பித்தளையும் ஒட்டுவதில்லையே!

இனி என் கதை. ஒரு மாலை, மங்கிய விளக்கொளியில், பட்டணத்துப் பழம்பொருள் வியாபாரி ஒருவரிடம் 1911-ஆம் ஆண்டு டாலர் ஒன்றை 250 வெள்ளிக்கு வாங்கினேன். ஆண்டு சரி, உருவம் சரி, ஆசையும் அளவுக்கு மேல் இருந்தது. வீட்டில் நிறுத்தபோது 23 கிராமுக்குச் சற்று மேலே தராசு நின்றுவிட்டது. மறு வாரம் கொண்டு சென்றேன். ‘விற்றதைத் திரும்ப வாங்குவதில்லை’ என்று கையை விரித்தார்.

காசு பெட்டியிற் கிடந்தது. எங்கள் லயத்து இளைஞன் ஒருவன், பத்தொன்பது வயதினன், தொழிற்சாலையில் வேலைக்குப் போய் முதற் சம்பளங்களை மிச்சம் பிடித்து வந்தவன், ஒரு நாள் அதைக் கண்டு விலை கேட்டான். அவனுக்கு இந்தப் பழக்கத்தை உண்டாக்கியவனே நான். வாங்கிய விலைக்கே கொடுத்தேன். ஒரு காசு லாபம் வைக்கவில்லை. அதுவே என் மனச்சாட்சிக்கு நான் கொடுத்த லஞ்சம். ‘நானும் ஏமாந்துதானே வாங்கினேன்? வாங்குகிறவன் நிறுத்துப் பார்த்து வாங்கட்டுமே!’ என்று எனக்குள் வாதாடினேன். டியோஜெனீஸ் என் நாவில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

தோழர்களே, அந்த வாதத்தின் ஓட்டை எங்கேயென்று பாருங்கள். அவன் ஏன் நிறுத்துப் பார்க்கவில்லை? விற்றவன் நான் என்பதால். அவன் 250 வெள்ளி கொடுத்தது உலோகத்துக்கன்று, என் சொல்லுக்கு. காசின் போலித்தன்மை அறியாதவன் அதைச் செலுத்தினால் அது பிழை. அறிந்தவன் செலுத்தினால் அவனே அக்காசை இரண்டாம் முறை வார்க்கிறான். கள்ளக் காசைச் செய்கிறவன் ஒருவனே. அதை ஊரெங்கும் நடக்கவைப்போர் ஏமாந்தவர்களாகிய நாமே. ‘எனக்கு வந்த நஷ்டத்தை நான் ஏன் தாங்க வேண்டும்?’ என்று ஒவ்வொருவரும் கேட்கிற வரையில் அது நடந்துகொண்டேயிருக்கும். ‘என்னோடு போகட்டும்’ என்று ஒருவன் தாங்கிக்கொள்ளும் இடத்திலேதான் அது சாகும். தராசும் நீரும் அதைக் கண்டுபிடிக்கும், கொல்லமாட்டா.

நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர். பொன்னையும் காசையும் சோதிப்பவரை வண்ணக்கர் என்றழைத்தனர். புறநானூற்றிலும் குறுந்தொகையிலும் பாடல் பெற்றிருக்கும் வடமவண்ணக்கன் தாமோதரனார் பெயரோடு அத்தொழில் இன்றும் ஒட்டி நிற்கிறது. பழைய டாலர்கள் பலவற்றில் சிறு சிறு முத்திரைக் குத்துக்களைக் காணலாம். சீனச் சராப்புகள் சோதித்துப் பார்த்து, ‘இது நல்லது, இதற்கு நான் பொறுப்பு’ என்று பதித்த அடையாளங்கள் அவை. சோதிக்கக் கற்றவன் தன் பெயரையும் அதன்மேல் வைக்க வேண்டும் என்பதே அதன் பொருள். காசுக்கும் நேர்மைக்கும் தமிழில் நாணயம் என்ற ஒரே சொல் வழங்குவது பொருத்தமே.

மூன்று மாதம் சென்றது. அவ்விளைஞன் ஒரு சிறு தராசு வாங்கித் தன் காசுகளையெல்லாம் நிறுத்தான். ஒரு மாலை என் வாசலில் வந்து நின்று, தயங்கித் தயங்கி, “ஐயா, இது எடை குறைகிறது. உங்களையும் யாரோ ஏமாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது” என்றான்.

என்மேல் ஐயமே கொள்ளாத அந்த முகத்தைப் பார்த்து, “ஆமாம் தம்பி” என்று சொல்லித் தப்பியிருக்கலாம். சொல்லளவில் அது பொய்யுமன்று. ஆனால் அதுவும் எடை குறைந்த இன்னொரு காசே. நடந்ததைச் சொன்னேன், பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவன் ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டு போனான்.

அந்த டாலரைப் பொற்கொல்லர் ஒருவரிடம் கொடுத்து, எவரும் இனி ஏமாறாதபடி அதன் முகத்தில் ஆழமாக ஒரு குத்துப் போட்டு வாங்கி, என் மேசைமேல் வைத்திருக்கிறேன்.

அவன் நெடுநாள் வரவில்லை. இப்போது வருகிறான். ஆனால் என்னிடம் எந்தக் காசை வாங்கினாலும், என் கண்ணெதிரே தராசை எடுத்து வைத்து நிறுத்துப் பார்த்தே வாங்குகிறான். எனக்கு அது வருத்தந்தான். ஆயினும் குற்றம் சொல்ல எனக்கு உரிமையில்லை. அவன் நிறுக்கும்வரை பேசாமல் காத்திருக்கிறேன்.