வாடகைக்கு வராத கடல்

கோட்டை வேண்டா, கொற்றக் குடை வேண்டா, படை பரிவாரம் வேண்டா. பணத்தை எண்ணி வைத்தால் போதும், ஒரு பகல் முழுதும் மன்னராக இருக்கலாம் என்று ஆசை காட்டுகிறது ஒரு வாணிகம். காலையில் வெண்ணிறப் படகு கரையோரம் காத்து நிற்கும். மீகாமர் வணக்கம் கூறி வரவேற்பார். பணிப்பெண் குளிர்ந்த பானம் நீட்டுவார். கடல் விரியும், கவலை கரையும். மாலையில் கரை சேர்ந்ததும் மன்னர் மறைவார். மறுநாள் வேலைக்குச் செல்ல வேண்டிய மனிதர் வீடு திரும்புவார். நண்பர்கள் பலர் கூடிப் பொருள் சேர்த்து, உல்லாசப் படகு ஒன்றை ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுப்பது என்பது இதுதான்.

பணம் கொடுத்தனர், படகு கிடைத்தது, பயணம் முடிந்தது. இதிலே அறம் பேச என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். ஆனால், வாடகை என்ற சொல்லைச் சற்றே உற்று நோக்குவோம். கொடுத்த பணத்துக்கு எது நம்முடையதாகிறது? படகா? படகைச் செலுத்தும் மனிதரா? படகு மிதக்கும் கடலா? இக்கேள்விக்கு நாம் கூறும் விடையிலேதான், அந்த ஒரு நாள் இன்பம் நேர்மையான இன்பமா, அன்றா என்பது அடங்கியிருக்கிறது.

இத்தகைய பயணத்துக்குப் பேர்போன இடம் ஒன்றைக் காண்போம். பிரான்சு நாட்டின் தென்கரையில், மத்தியதரைக் கடலோரத்தில், ஆன்டீப் என்று ஓர் ஊர். அங்குள்ள படகுத் துறையின் ஒரு பகுதிக்குக் 'கோடீசுவரர் துறைமேடை' என்றே பெயர் வழங்குகிறது! மாளிகைகளை மிதக்க விட்டாற்போன்ற பெருங்கலங்கள் அங்கே நிற்கின்றன. அவற்றை வாங்க இயலாதோர் சிறு படகுகளை நாள் வாடகைக்கு எடுத்து, முனையைச் சுற்றிக்கொண்டு, கான் நகருக்கு எதிரே உள்ள லெரான் தீவுகளுக்குச் செல்கின்றனர்.

தீவுகளில் பெரியவை இரண்டு. சாந்த் மார்கரீத் என்ற தீவிலே ஒரு கோட்டை. பதினான்காம் லூயி மன்னன் காலத்தில், முகமூடி அணிவிக்கப்பட்ட மர்மக் கைதி ஒருவர் 1687 முதல் 1698 வரை அங்கே அடைபட்டுக் கிடந்தார். சாந்த் ஒனோரா என்ற மற்றொரு தீவிலே ஒரு மடம். ஐந்தாம் நூற்றாண்டில் தோன்றியது. இன்றும் துறவிகள் வாழ்கின்றனர். உலகைத் துறந்த அவர்கள் வளர்க்கும் திராட்சையின் மது, உலகத்தாருக்கு விற்பனையாகிறது என்பது வேறு செய்தி! இரண்டு தீவுகளுக்கும் இடையே ஒடுங்கிய நீர்ப்பரப்பு. கோடைக்காலத்தில் உல்லாசப் படகுகள் வரிசை வரிசையாக வந்து நங்கூரமிடுவது அங்கேதான். சிறை ஒரு கரையில், துறவு மறு கரையில், நடுவிலே உல்லாசம்! மனித வாழ்வின் மூன்று நிலைகளை ஓவியமாகத் தீட்டி வைத்தாற்போன்ற காட்சி.

அந்தத் துறவின் கரையிலிருந்து ஒரு குரல் வெகு காலமாக ஒலித்து வருகிறது. "இன்பம் மாயை, உல்லாசம் பாவம், உடலை ஒடுக்கு, உள்ளத்தை அடக்கு" என்ற குரல். பிரான்சுக்கு மட்டும் உரியதன்று அது. நாமும் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன குரல்தான். கடற்பயணத்தையே சாதியிழக்கச் செய்யும் பாவங்களின் பட்டியலில் சேர்த்தது போதாயன தர்ம சூத்திரம். கடல் மீது செல்வது பாவம், களிப்பது பாவம், கேள்வி கேட்பது அதனினும் பெரிய பாவம்! ஆனால், இந்த உபதேசம் யாருக்குச் செய்யப்பட்டது? அரண்மனையிலே ஆடலும் பாடலும் கண்டு களித்த அரசனுக்கா? அவனுக்குப் பரிவட்டம் கட்டினர். உழைத்து ஓய்ந்து, ஒரு நாளேனும் காற்று வாங்க விரும்பிய ஏழைக்கே 'இன்பம் மாயை' என்ற பாடம் ஓதப்பட்டது.

அதே பிரான்சிலே 1936-இல் நடந்ததை நினைவிற் கொள்ளுவோம். தொழிலாளர் இலட்சக்கணக்கில் வேலை நிறுத்தம் செய்தனர். லெயோன் பிளூம் தலைமையில் அமைந்த மக்கள் முன்னணி அரசு, சம்பளத்துடன் கூடிய இரண்டு வார விடுமுறையைச் சட்டமாக்கிற்று. ஓய்வுத் துறையை ஏற்ற லெயோ லக்ரான்ழ், குறைந்த கட்டணத்தில் இரயில் பயணச் சீட்டுக் கிடைக்க வழி செய்தார். ஆலையின் புகையையே வானமாகக் கொண்டு வாழ்ந்த குடும்பங்கள் அந்தக் கோடையில் முதன்முறையாகக் கடலைக் கண்டன. பாராட்டினரா மேட்டுக்குடியினர்? 'சோம்பல் அமைச்சகம்' என்று ஏளனம் செய்தனர்! தாம் ஓய்ந்திருந்தால் அது பண்பாடு; தொழிலாளி ஓய்ந்தால் அது சோம்பல்! ஆனால், வரலாறு ஏளனத்தின் பக்கம் நிற்கவில்லை. 1948-இல் ஐக்கிய நாடுகள் அவை வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 24-ஆம் பிரிவு, ஓய்வையும் சம்பள விடுமுறையையும் ஒவ்வொரு மனிதரின் உரிமை என்று அறிவித்துவிட்டது.

ஆகவே, நண்பர்கள் கூடிக் கடலில் ஒரு நாள் களிப்பதைக் கண்டு முகம் சுளிக்க நமக்குக் காரணம் இல்லை. இன்பம் மனிதனின் பிறப்புரிமை. துறவியின் வாதம் தோற்றது.

அதனால் சீமானின் வாதம் வென்றதாகிவிடுமா? "என் பணம், என் படகு, என் இன்பம், கேட்க நீ யார்?" என்கிறாரே அவர்! அவர் வாதத்தையும் ஆராய வேண்டாமா?

உல்லாசப் படகின் வரலாறே இதற்கு விடை கூறும். யாட் என்ற ஆங்கிலச் சொல் டச்சு மொழியிலிருந்து வந்தது. வேட்டை என்பது அதன் மூலப் பொருள். பகைக்கலங்களை விரட்டிப் பிடிக்க உதவிய விரைவுப் படகு அது. 1660-இல் இங்கிலாந்தின் அரியணை ஏறிய இரண்டாம் சார்லசு மன்னனுக்கு ஆம்ஸ்டர்டாம் நகரத்தார் 'மேரி' என்ற படகைப் பரிசளித்தனர். மறு ஆண்டே மன்னனும் அவன் தம்பியும் நூறு பவுன் பந்தயம் வைத்துத் தேம்சு ஆற்றிலே படகோட்டி மகிழ்ந்தனர். வேட்டைப் படகு விளையாட்டுப் படகாயிற்று. 1815-இல் பிரபுக்களும் செல்வரும் கூடித் தமக்கென்று ஒரு படகுக் கழகம் கண்டனர். பின்னாளில் அரசப் படகுக் கழகம் எனப் பெயர் பெற்றது அது.

அந்தக் கழகத்தின் வாயில் எத்துணைக் குறுகியது என்பதைத் தாமசு லிப்டன் அறிவார். தேயிலை வாணிகத்தில் பெரும் பொருள் ஈட்டியவர். 'ஷாம்ராக்' என்று பெயரிட்ட படகுகளுடன் 1899 முதல் 1930 வரை ஐந்து முறை அமெரிக்கக் கோப்பைக்குப் போட்டியிட்டவர். ஆனால் அவர் மளிகைக் கடைக்காரர் அல்லவா! பிரபுக்களின் கழகம் 1931-இல்தான், அவர் இறந்த ஆண்டில்தான், அவருக்குக் கதவைத் திறந்தது. பிறப்பையும் தொழிலையும் பார்த்து மனிதனை எடைபோடும் நோய் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று போலும்!

லிப்டனுக்காக இரங்குவோம். ஆனால் அங்கேயே நின்றுவிட வேண்டா. 1890-இல் அவர் இலங்கையிலே தோட்டங்களை வாங்கினார். மலைச்சரிவிலே கூடை சுமந்து கொழுந்து பறித்த கைகள் யாருடையவை? தமிழகத்திலிருந்து பிழைப்புத் தேடிச் சென்ற உழைப்பாளரின் கைகள்! அவர்கள் பறித்த கொழுந்து பொன்னாயிற்று. பொன் ஷாம்ராக்கின் பாயாயிற்று. கழக வாயிலில் லிப்டன் காத்து நின்ற கதையை உலகம் எழுதி வைத்தது. மலையகத்தில் மழையில் நின்ற மங்கையரின் கதையை எத்தனை பேர் எழுதினர்? உல்லாசத்தின் உண்மையான குறை இங்கேதான் இருக்கிறது. அது தன்னைத் தாங்கும் கைகளைக் காண்பதில்லை.

காலம் மாறிற்று. எலிசபெத் அரசிக்கென 1953-இல் நீரில் இறக்கப்பட்ட 'பிரிட்டானியா' 1997-இல் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டது. இன்று எடின்பரோ அருகே, சீட்டு வாங்கிய எவரும் ஏறிப் பார்க்கும் காட்சிக்கூடமாக நிற்கிறது. அரசன் மட்டும் ஏறிய படகிலே ஆசிரியரும் எழுத்தரும் கூடிப் பணம் போட்டு ஏறுகின்றனர். பன்னாட்டுப் பாதுகாப்பு விதிப்படி 12 பேருக்கு மேல் பயணிகளை ஏற்றும் கலம் பயணிக் கப்பலாகிவிடும். ஆகவே வாடகைப் படகுகள் பெரும்பாலும் பன்னிருவரோடு நிறுத்திக்கொள்கின்றன. ஒருவரால் இயலாததைப் பன்னிருவர் பகிர்ந்து பெறுவது நல்ல முன்னேற்றமே. ஆனால் ஒரு மன்னன் இருந்த இடத்தில் பன்னிரண்டு மன்னர்கள் அமர்ந்தால், அது மக்களாட்சியாகுமா?

அதனால்தான் கேட்கிறோம், வாடகை எதை வாங்கித் தந்தது என்று.

கடலை வாங்கித் தரவில்லை. 1681-ஆம் ஆண்டின் அரச ஆணையே கடற்கரையைப் பொதுவுடைமையாகக் கருதிற்று. 1986-இல் பிரான்சு இயற்றிய கடற்கரைச் சட்டம், மக்கள் கட்டணமின்றித் தடையின்றித் துய்ப்பதே கடற்கரையின் பயன் என்று வலியுறுத்திற்று. அதே லெரான் தீவுகளுக்குக் கான் துறையிலிருந்து பொதுப் படகுகள் ஓடுகின்றன. சீட்டு வாங்கிய மூதாட்டி இறங்கும் கரையும், வாடகைப் படகின் செல்வர் காணும் கரையும் ஒன்றே. இன்னும் கேளுங்கள்: அக்கடலின் அடியிலே பொசிடோனியா என்னும் கடற்புல் வளர்கிறது, மீன்களுக்குத் தொட்டிலாக, மணற்கரைக்குக் காவலாக. மிக மெல்ல வளரும் அப்புல்லை ஒரு நங்கூரம் நொடியிலே கிழித்தெறியும். 24 மீட்டருக்கு மேற்பட்ட கலங்கள் அப்புல்வெளியில் நங்கூரமிடுவதைப் பிரெஞ்சு அதிகாரிகள் தடுத்துள்ளனர். ஒரு பகல் களிப்புக்காகப் பல்லாண்டு வளர்ச்சியை அழிக்க, எந்த வாடகைச் சீட்டும் உரிமை தராது.

மனிதரையும் வாங்கித் தரவில்லை. பயணிகள் வருமுன்னே வந்து கழுவித் துடைத்தவர் யார்? அவர்கள் சென்ற பின்னும் கறை நீக்கிக் கயிறு சுருட்டுபவர் யார்? நமது ஓய்வு நாள் அவர்களுக்கு உழைப்பு நாள். 2006-இல் உருவாகி 2013-இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, 24 மணி நேரத்தில் 10 மணி நேரமேனும் கடலோடிக்கு ஓய்வு வேண்டும் என வகுத்தது. பயண முடிவில் வெகுமதி கொடுப்பது வழக்கம், கொடுக்கட்டும். ஆனால் வெகுமதி கருணை; ஓய்வு உரிமை. உரிமையைப் பறித்துவிட்டுக் கருணை காட்டுவது அறமன்று. படகை அமர்த்துமுன், குளிர்பானம் எத்தனை வகை என்று கேட்கும் நாம், பணியாளருக்கு ஓய்வு எத்தனை மணி என்றும் கேட்கலாகாதா? மீகாமரின் பெயர் கேட்டறிந்து, உடன்பிறந்தாரைப் போல உணவருந்த அழைக்கலாகாதா?

கடமையிலிருந்து விடுதலையையும் வாடகை வாங்கித் தரவில்லை. 2023 சூன் 14. அதே மத்தியதரைக் கடலின் கிழக்கே, கிரேக்க நாட்டின் பைலோசுக்கு அப்பால், லிபியாவிலிருந்து இத்தாலி நோக்கி வந்த மீன்பிடிப் படகு ஒன்று மூழ்கிற்று. பாகிசுதான், எகிப்து, சிரியா முதலிய நாடுகளின் ஏழைகள், சுமார் 750 பேர் அதில் இருந்ததாக மதிப்பிடப்பட்டது. பிழைத்தோர் 104 பேர். பெண்டிரில் ஒருவரும் மீளவில்லை. அந்த நள்ளிரவில் உதவி கோரும் அழைப்பைக் கேட்டு விரைந்த கலங்களில் ஒன்று 93 மீட்டர் நீளமுள்ள ஓர் உல்லாசக் கலம். 'மாயன் குயீன்' என்பது பெயர். உயிர் பிழைத்தோரில் 100 பேரை ஏற்றிக் கலமாட்டா துறையிலே சேர்த்தது அதுவே. சீமான்கள் உலவுவதற்கென அமைந்த தளத்தின் மீது, நனைந்து நடுங்கிய ஏழைகள்!

அந்தக் கலம் அங்கே சென்றது ஈகையா? இல்லை, கடமை. கடலில் உயிருக்குப் போராடுபவர் எவராயினும், பகைவரே ஆயினும், காப்பாற்றியாக வேண்டும் என்று 1910-ஆம் ஆண்டின் பிரசல்சு உடன்படிக்கையே விதித்தது. 1982-இன் கடற்சட்ட உடன்படிக்கையும் அதையே வலியுறுத்துகிறது. போர்க்கப்பல், சரக்குக் கப்பல், உல்லாசப் படகு என்று அக்கடமை வேறுபாடு பார்ப்பதில்லை. சாதி கேட்பதில்லை, சமயம் கேட்பதில்லை, கடவுச்சீட்டும் கேட்பதில்லை. கரையிலே வாழும் நாம் இன்னும் எட்டாத சமத்துவத்தைக் கடலின் சட்டம் எழுதி வைத்திருக்கிறது!

சட்டம் எழுதியிருந்தும் 750 பேரில் 104 பேர்தானே மீண்டனர் என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். ஏட்டிலே இருக்கும் சமத்துவம் நெஞ்சிலே குடியேறாதவரை, எத்தனை கலங்கள் மிதந்தாலும் மூழ்குவோர் மூழ்கிக்கொண்டேயிருப்பர்.

வள்ளுவர் ஒப்புரவு என்று பெயரிட்டு ஓர் அதிகாரமே வகுத்தார். ஊரோடு ஒத்து வாழும் உணர்வு அது. அந்த உணர்வோடு ஏறினால் உல்லாசப் படகும் அறத்தின் படகே. அது இல்லையேல், பன்னிருவர் பங்கிட்டாலும் அது பழைய மன்னனின் பொம்மையே.

தோழர்களே! கடலுக்குச் செல்லுங்கள். பாடுங்கள், ஆடுங்கள், அலையோடு விளையாடுங்கள். இன்பத்துக்காக எவரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டா. ஆனால் படகு ஒரு நாளைக்கு மட்டுமே உங்களுடையது. கடல் எந்நாளும் எல்லோருடையது. பாய்மரத்தை இழுக்கும் கை ஒரு தோழரின் கை. தொலைவிலே கரும்புள்ளியாய்த் தெரியும் படகிலே இருப்போரும் தோழரே. அவர்களைக் காணும் கண்ணோடு செல்லுங்கள். ஒரு நாள் மன்னராவதினும் ஒவ்வொரு நாளும் மனிதராக வாழ்வது பெரிது!