வெற்றியும் ஆட்டமும்: மிக் ஓகொனலின் வாழ்வை முன்னிறுத்தி ஒரு நோக்கு

ஒரு செயலின் மதிப்பு அதன் பயனிலே தங்கியுள்ளதா, அன்றி அச்செயலைச் செய்யும் முறையிலே தங்கியுள்ளதா என்பது ஒழுக்கவியலின் பழைய வினாக்களுள் ஒன்று. தமக்கு அப்பாலுள்ள இலக்கொன்றிற்காகச் செய்யப்படும் செயல்களையும், தம்மையே இலக்காகக் கொண்ட செயல்களையும் அரிஸ்ரோட்டில் வேறுபடுத்திக் காட்டினார். விளையாட்டு இவ்விரண்டனுள் எதனைச் சாரும்? அயர்லாந்தின் கேலிக் உதைபந்தாட்ட வீரர் மிக் ஓகொனலின் வாழ்வு இவ்வினாவைக் கூர்மைப்படுத்துகின்றது.

கேலிக் உதைபந்தாட்டம், பந்தைக் காலால் உதைப்பதோடு கையாற் பற்றிச் செல்லவும் இடமளிக்கும் ஆட்டமாகும். அணிக்குப் பதினைவர் ஆடுவர். 1884இல் தோன்றிய கேலிக் விளையாட்டுச் சங்கம் இதனை நிருவகித்து வருகின்றது. ஆடுவோருக்கு ஊதியம் இல்லை. தம் ஊருக்காகவும் மாவட்டத்திற்காகவுமே அவர்கள் ஆடுகின்றனர். டப்ளின் நகரின் குறோக் பார்க் அரங்கிலே பல்லாயிரவர் முன்னிலையில் இறுதியாட்டம் ஆடியவரும் பின்னர் தம் அன்றாடத் தொழிலுக்கே திரும்புவார்.

1937இல் பிறந்த ஓகொனல், கெரி மாவட்டத்தின் மேற்குக் கரையை அடுத்துள்ள வலென்சியாத் தீவினர். அத்திலாந்திக் கடலடியில் 1866இல் இடப்பட்ட தந்திக் கம்பி கரையேறிய தீவு அது. அங்கிருந்த தந்தி நிலையத்திலே அவர் பணிபுரிந்தார். தீவுக்குப் பாலம் அமையுமுன், பயிற்சிக்கும் போட்டிக்கும் படகேறியே அவர் கரை சேரவேண்டியிருந்தது. நடுக்கள வீரரான அவர், உயர எழுந்து பந்தைப் பற்றுவதிலும் இரு கால்களாலும் குறிதவறாது உதைப்பதிலும் நிகரற்றவர் எனப் போற்றப்பட்டார். 1959, 1962, 1969, 1970 ஆகிய ஆண்டுகளிற் கெரி அணி அகில அயர்லாந்துக் கிண்ணத்தை வென்றபோது அவர் அவ்வணியில் இடம்பெற்றிருந்தார். 1999இல் அறிவிக்கப்பட்ட ஆயிரமாண்டின் சிறந்த அணியிலும் அவருக்கு இடம் கிடைத்தது.

1959இல் கெரியின் அணித்தலைவர் அவரே. கோல்வே அணி தோற்றது. மக்கள் கொண்டாடத் திரண்டனர். அணித்தலைவரோ அக்கொண்டாட்டத்திற்கு நில்லாது அன்றிரவே தம் தீவை நோக்கிப் புறப்பட்டார் என்பது கெரியில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் செய்தி. சிலர் இதனைப் பற்றற்ற பண்பு என வியந்தனர். வேறு சிலர் செருக்கு எனக் கருதினர்.

பின்னவரின் கூற்றை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஊதியமின்றி ஊருக்காக ஆடுபவனின் வெற்றி அவனுக்கு மட்டும் உரியதன்று. உடன் ஆடியோர், மைதானத்தைச் சீர்செய்தோர், நெடுந்தூரம் பயணஞ்செய்து வந்து பார்த்தோர் ஆகிய அனைவரும் அதன் பங்காளிகள். அவர்களுடைய மகிழ்ச்சியிலே கலந்துகொள்வது வீரனின் கடமை அன்றோ? மேலும், வெற்றி பெற்றவனுக்கே வெற்றியைப் புறக்கணிப்பது எளிது. அது வல்லவனின் ஆடம்பரம் என்றுங்கூட வாதிடலாம்.

ஆயின் இரண்டாவது வாதத்திற்கு அவர் வாழ்விலேயே விடையுண்டு. கெரி அணி 1960, 1964, 1965, 1968 ஆகிய ஆண்டுகளின் இறுதியாட்டங்களில் தோல்வியுற்றது. அத்தோல்விகளையும் ஓகொனல் களத்தில் நின்றே கண்டார். ஆயினும் படகேறிப் பயிற்சிக்குச் செல்வதை அவர் கைவிடவில்லை. வென்றபோது மட்டும் பற்றின்மை பேசுபவனின் இயல்பு இதுவன்று.

முதல் வாதத்திற்கு விடை கூறுவது கடினம். எனினும் கடமைக்கும் உணர்ச்சிக்கும் இடையே ஓர் எல்லை உண்டு. தன் உடலையும் பயிற்சியையும் திறமையையும் முழுமையாக அளிக்குமாறு ஒருவனிடம் சமூகம் கேட்கலாம். அகத்தே எழாத களிப்பை முகத்தில் அணியுமாறு கேட்கலாகாது. அவ்வாறு அணிந்தால் அது மக்களை ஏமாற்றுவதாகவே முடியும். எனினும் தீவுக்குத் திரும்பியவரும் ஒன்றை இழந்தார்; பிறர் மகிழ்ச்சியைத் தன் மகிழ்ச்சியாகக் காணும் பேற்றை அவர் அன்று பெறவில்லை. அவ்விழப்பு அவருடையதே, அதனைக் குற்றமாக்க ஊருக்கு உரிமையில்லை.

வெற்றி இன்றி ஆட்டம் இல்லை; இரு அணிகளும் வெல்ல முனையாவிடின் திறமை வெளிப்படாது. ஆனால் வெற்றி ஓர் அணிக்கே உரியது. செவ்வனே ஆடும் வாய்ப்போ தோற்பவனுக்கும் உண்டு. எல்லோர்க்கும் கிட்டக்கூடிய அந்நன்மையையே ஓகொனல் உயர்ந்ததாகக் கொண்டார் எனில், அதனைச் செருக்கு என்பது பொருந்தாது.