மங்கம்மாள் போட்ட சாலை

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் உச்சி வெயிலில் பஸ்ஸுக்கு நிற்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ராணி மங்கம்மாள் நினைவு வருகிறது. கணவர் சொக்கநாத நாயக்கர் 1682-இல் மறைந்தார். ஏழே ஆண்டுகளில் மகனையும் அம்மை நோய் கொண்டுபோனது. கைக்குழந்தையான பேரன் விஜயரங்கனுக்காக 1689 முதல் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை மதுரை நாட்டை மங்கம்மாளே ஆண்டார். போர்களும் நடந்தன. ஆனால் தென்மாவட்ட மக்கள் அவரைச் சாலையாலும் சத்திரத்தாலும்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். மங்கம்மாள் சாலை என்ற பெயர் மூன்று நூற்றாண்டு கடந்தும் அங்கே வழங்குகிறது. நடந்து போகிறவரின் களைப்பை எண்ணிப் பார்த்த ஆட்சி அது. அதே எண்ணத்தோடு, இங்கே ஆவடியிலும் அம்பத்தூரிலும் சாலையை அகலப்படுத்துகிறவர்கள் நிழலுக்காக ஓரத்தில் புங்கையும் வேம்பும் நட்டு, வேர் பிடிக்கும்வரை தண்ணீரும் ஊற்ற வேண்டும்.