பிழையின் விலை: கதிர்ப்படவியல் கற்பித்தலில் ஓர் அறவியல் வினா

எக்கலையும் பிழைவிட்டே பழகப்படுகின்றது. தச்சுத்தொழில் பயில்வோன் முதலிற் பாழாக்குவது மரத்தை. குயவன் மகன் பாழாக்குவது களிமண்ணை. மரமும் மண்ணும் முறையிடுவதில்லை. ஆனால், மருத்துவத்தோடு தொடர்புடைய கலைகளிற் பயில்வோன் விடும் பிழை பிறிதோர் உயிரின்மீது விழுகின்றது. ஒருவர் கற்பதற்காக இன்னொருவர் ஊறுபடுதல் அறமாகுமா? பல்கலைக்கழக மாணவர்க்குக் கதிர்ப்படவியல் கற்பிக்கும் போதனாசிரியன் என்ற வகையில் நாள்தோறும் நான் எதிர்கொள்ளும் இவ்வினாவை ஈண்டு ஆராய விழைகின்றேன்.

1895 நவம்பர் 8 ஆம் நாள் ஜேர்மனியின் வூர்ஸ்பேர்க் நகரில் வில்ஹெல்ம் றொண்ட்ஜன் எக்ஸ்-கதிரைக் கண்டறிந்தார். அவ்வாண்டு டிசெம்பரில் தம் மனைவியின் கையைப் படம்பிடித்தார். அக்கதிரின் தீங்கை அன்று எவரும் அறிந்திலர். எடிசனின் உதவியாளராயிருந்து அக்கதிரோடு உழைத்த கிளாரன்ஸ் டலி புற்றுநோயால் இரு கைகளையும் இழந்து, 1904 இல் உயிர் நீத்தார். இவ்வாறு மடிந்த நூற்றுக்கும் மேற்பட்டோரின் பெயர்களைத் தாங்கிய நினைவுக்கல் 1936 இல் ஹம்பேர்க் நகரில் எழுப்பப்பட்டது. முன்னோடிகள் பலர் தம் அறியாமைக்குத் தம் உடலாலேயே விலை கொடுத்தனர். இன்றோ நாம் ஈயத்தடுப்பின் பின்னால் நிற்கின்றோம். மாணவனின் பிழைக்கு விலை கொடுப்பவர் தடுப்பின் மறுபுறத்தே இருக்கும் நோயாளியே.

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு போதனா வைத்தியசாலைக்கு மலையகத் தோட்டமொன்றைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் மார்புப் படத்திற்காக வந்திருந்தார். மூச்சை ஆழ உள்ளிழுத்து அடக்குமாறு மாணவன் சிங்களத்திற் கூறினான். அவர் தலையசைத்தார், ஆயின் அவருக்கு விளங்கவில்லை. மூச்சு வெளிவிட்ட நிலையிற் படம் எடுக்கப்பட்டது. நுரையீரலின் அடிப்பகுதி தெளிவிழந்தும் இதயம் பருத்தது போலத் தோன்றியும் அமைந்த அப்படம் பயனற்றதாயிற்று. “மூச்சை நல்லா இழுத்துப் பிடியுங்கோ, அம்மா” என்று நான் கூறியபின் இரண்டாவது படம் செவ்வையாக அமைந்தது. புறப்படுகையில் அவர் கைகூப்பி எனக்கு நன்றி கூறினார். இருமுறை படமெடுத்ததைத் தமக்குக் காட்டிய தனிக்கவனிப்பு எனக் கருதினார் போலும். நான் உண்மையைக் கூறாது வாளாவிருந்தேன்.

மார்புப் படமொன்றின் கதிர்வீச்சு, சூழலிலிருந்து நாமனைவரும் சில நாள்களிற் பெறும் அளவினதே. இதற்காக இத்துணை வருந்துவானேன் எனச் சிலர் வினவலாம். பயில்வோர் இன்றேல் நாளைய நோயாளிக்குப் படமெடுப்பார் யார் என்றும் கேட்கலாம். இரண்டும் நியாயமான வினாக்களே. ஆயினும், தீங்கு சிறிதாயின் கடன் சிறிதாகுமேயன்றி இல்லையாகிவிடாது. மனிதரை வெறுங் கருவியாக மாத்திரம் கொள்ளலாகாது என 1785 இல் இம்மானுவேல் கான்ற் வற்புறுத்தினார். “மாத்திரம்” என்னும் சொல்லே இங்கு உற்றுநோக்கத்தக்கது. மூதாட்டி தம் நோய் தீர வந்தார். மாணவனின் கற்றல் அந்நோக்கத்தைச் சார்ந்து நிற்கலாம், அதனை விழுங்கலாகாது. கற்பித்தலை மட்டுமே காரணமாகக் கொண்டு எவருடலிலும் கதிரைச் செலுத்துதல் தகாது. பழகுதற்கு மனிதவுருப் போலிகள் உள்ளன.

ஆசிரியனின் செருக்கும் ஈண்டுக் கவனிக்கத்தக்கது. வைத்தியரின் ஐயத்தைத் தீர்க்கப் போதுமான படம் பாடநூற் படம்போல் அமையாதிருக்கலாம். அதனை மீண்டும் எடுப்பித்தால் நிறைவுறுவது நோயாளியின் தேவையன்று, ஆசிரியனின் பெருமையே. மேலும், பிலிம் வழங்கிய காலத்தில் கதிர் மிகுந்தாற் படம் கறுத்துப் பிழையைக் காட்டிக்கொடுத்தது. கழிக்கப்பட்ட பிலிம்களும் குவிந்து சான்று பகர்ந்தன. இன்று கணினி ஒளியளவைத் தானே சீராக்குகின்றது. கதிர் மிகுந்தாற் படம் மேலும் தெளிவாகவே தோன்றும். பிழை திறமையின் வேடம் பூணுகின்றது. பழுதான படமோ ஒரு விசையழுத்தத்தில் மறைந்துவிடும். கருவி சான்று கூறாதவிடத்து மனச்சான்றே கூறவேண்டும்.

ஆதலின், நோயாளியின் மொழியில் நான்கு சொற்களையேனும் கற்றபின்னரே என் மாணவர் விசையைத் தொடுகின்றனர். மூச்சடக்குவதை நோயாளி ஒருமுறை செய்துகாட்டிய பின்னரே படம் எடுக்கப்படுகின்றது. மீளப்படமெடுப்பின் காரணத்தைப் பதிவேட்டில் எழுதுவதோடு, நோயாளிக்கும் சொல்லுதல் வேண்டும் என்பது எங்கள் நியதி. இதனால் ஆசிரியனின் மதிப்புக் குறையும் என அஞ்சுவோர் உளர். பிழையை மறைத்துப் பெறும் மதிப்பு பிறர்க்குரியதைத் திருடியதற்கு ஒப்பாகும்.

பிழையற்ற கற்றல் இல்லை. ஆயின், அப்பிழையின் விலையைச் செலுத்துபவருக்கு அதனை அறியும் உரிமையேனும் உண்டு. அன்று அம்மூதாட்டிக்கு நான் கூறாது விட்டதை, என் மாணவர் பிறருக்குக் கூறுவாராயின், என் கடனில் ஒரு பங்கேனும் தீர்ந்ததாகக் கொள்வேன்.